சைதாப்பேட்டைக்காரரின் பதினோரு புடவைகள்

ராஜா,

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது, அதற்குப் போய் அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். உன் அப்பாவும் சிரித்தார். "பஸ் ஏறினா ஆச்சு. நேர்ல போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றார். நேரில் வந்தால் நீ காபி போடப் போவாய், நான் உன் அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே தங்கிவிடும். அதுவும் தவிர, எழுதித் தரச் சொன்னவனே நீதான். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மீன் குழம்பு சாப்பிடும்போது கேட்டாய். உங்கள் துணிக் கம்பெனி வெளியிடப்போகும் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு முதல் பக்கம் நான் எழுத வேண்டும். தி. நகர் ஜவுளிக்கடையில் பழைய புடவை வாங்கும் கவுண்டரில் நின்றவள் என்ற முறையில், ஒரே ஒரு பக்கம், படிப்பவர் மனசைத் தொடுகிற மாதிரி. நீ கேட்டது ஒரு பக்கம். இது கொஞ்சம் நீளும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்.

இப்போது மத்தியானம் மூன்று மணி. அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஈஸிசேரில் தூங்குகிறார். சாந்தோம் பக்கமிருந்து கடல்காற்று கிளம்பிவிட்டது. மாடிக் கொடியில் காயப்போட்ட என் காட்டன் புடவை எழும்பி, இறங்கி, மறுபடி எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்குகிறது. வேலையை விட்ட பிறகு எனக்கு வருகிற கனவெல்லாம் இந்த நேரத்துக் கனவுதான். பனகல் பார்க் மரங்களுக்கு மேலே புடவைகள் பறக்கும், கூட்டம் கூட்டமாக, அவசரமே இல்லாமல். பறக்கப் பறக்க ஓரத்திலிருந்து பிரிந்து நூலாகும். அந்த நூலும் மெலிந்து மெலிந்து வெயிலோடு கலந்துவிடும். கீழே உஸ்மான் ரோட்டுக் கூட்டத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் ஒரு மேஜைக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். பயமுறுத்துகிற கனவு இல்லை. விழித்ததும் கொஞ்ச நேரம் ஏக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கனவைக் கொடுத்தது கடைதான். நீ காலேஜில் சேர்ந்த வருடம் எங்கள் முதலாளி மூன்றாம் மாடியில் புதுக் கவுண்டர் ஒன்றைத் திறந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், கடை முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பழைய புடவையைக் கொண்டுவந்து கொடுத்தால் புதுப் புடவையில் தள்ளுபடி. கவுண்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பச்சைப் பலகை. வட்டமாக அம்புக்குறி போட்டு, "உங்கள் பழைய புடவை புது நூலாகிறது; அந்த நூல் மீண்டும் புடவையாகிறது" என்று எழுதியிருந்தது. அங்கே நிற்க என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அண்ணாச்சி ஒரு காரணம் சொன்னார். "நீங்க உங்க கோயில்ல வாசகம் வாசிக்கிற ஆளுல்லா! அந்தக் குரல்ல சொன்னீங்கன்னா சனம் நம்பும்." ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வேதவாசகம் வாசிக்கிற குரலுக்கு, தி. நகரில் ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையில் வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடமிருந்தும்.

நானும் நம்பித்தான் சொன்னேன். கசங்கிய காட்டனோ, சாயம் போன சில்க்கோ, என் கைக்கு வந்ததும் அது கரைந்து இன்னொன்றாகப் பிறப்பதைக் கண்ணாலேயே பார்ப்பேன். கொடுக்க வருகிற பெண்கள் பலர் புடவையை மேஜையில் வைப்பதற்கு முன்னால் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி எடுத்துக்கொள்வார்கள். உடுத்திய துணியை முழுசாகக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். பர்ஸில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு, விரலில் சுற்றிக்கொண்டே பில் போடப் போகிறவர்களும் உண்டு. நம் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, முதலில் எனக்குச் சிரிப்பாக வந்தது. போகப் போக, மறந்தவர்களுக்கு நானே ஞாபகப்படுத்த ஆரம்பித்தேன். "அக்கா, இழை எடுத்துக்கிட்டீங்களா?"

அதே வருடம்தான் மொட்டைமாடியில் சோலார் தகடு போட்டார்கள். இன்று சூரியன் தந்த மின்சாரம் இத்தனை யூனிட் என்று சிவப்பு எழுத்தில் ஓடும் போர்டு ஒன்று கடை வாசலில் வந்தது. நீ காலேஜ் விட்டு வந்து, என்னோடு சேர்ந்து பஸ் ஏறுவதற்காக அதன் அடியில் நிற்பாய். ஐப்பசியில் விடாமல் மழை கொட்டிய ஒரு நாள் சாயங்காலம் நான் இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "அம்மா, காலைலேர்ந்து வெயிலே இல்ல. நம்பர் மட்டும் ஏறிட்டே இருக்கு பாரு!" ரோடெல்லாம் தண்ணீர், தண்ணீரில் கடை விளக்குகள், உன் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். "மேகத்துக்குள்ளயும் வெயில் இருக்குடா. தகடு அதைத் தேடிப் பிடிச்சுக் குடிச்சிடும்" என்றேன். நீ அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். பிறகு சூரிய மின்சாரம், மறுசுழற்சி என்று மேலே படித்தபோதும் சரி, இந்த வேலை கிடைத்தபோதும் சரி, கேட்டவர்களிடமெல்லாம் அந்த மழைச் சாயங்காலத்தைத்தான் சொன்னாய். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் சொல்கிறேன், இப்போது தைரியம் போதவில்லை.

கவுண்டர் திறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு அம்மா புடவை மடிப்புக்குள் வீட்டுச் சாவியையும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய், அலறிக்கொண்டு திரும்பி வந்தார். மூட்டைகள் அதற்குள் கே.கே. நகர் குடோனுக்குப் போய்விட்டன. சாவியைத் தேட நானே ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கே மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல புடவைகளெல்லாம் ஒரு குவியல், பழைய துணி விற்பவர்களுக்குப் போகுமாம். கிழிந்தது இன்னொரு குவியல், துண்டு போட்டு மெக்கானிக் ஷெட்டுக்குக் கை துடைக்கப் போகுமாம். எதற்கும் ஆகாத நைலக்ஸும் பாலியஸ்டரும் எங்கேயோ பாய்லரில் எரிக்கப் போகுமாம். சாவி கிடைத்துவிட்டது. கிளம்பும்போது கேட்டேன், நூலாகப் போகிற குவியல் எது என்று. ஒருத்தி கையை நிறுத்தாமலே சொன்னாள், "நூலா? இன்னா நூலுக்கா? நான் வந்ததுலேர்ந்து இந்த மூணுதான் கீது."

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் ஒளிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஒரு மில்லுக்காரன் எடுத்துக்கிடுதேன்னு சொன்னான்மா. பொறவு பட்டு, ஜரிகை, பாலியஸ்டர்னு எல்லாம் கலந்து கெடக்கு, பிரிக்க முடியாதுன்னுட்டான். அடுத்த வருசம் வேற ஆளைப் பாப்போம். துணி ஒண்ணும் குப்பைக்குப் போகலல்லா? போர்டு இருந்துட்டுப் போகட்டும்." கெட்ட மனிதர் என்று அவரை நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலை அதே பலகைக்கு முன்னால் நின்று அதே குரலில் அதையே சொன்னவள் நான். அதற்கும் அடுத்த நாளும் சொன்னேன்.

அப்படி ஒரு நாளில்தான் அவர் வந்தார். சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சட்டைப் பையில் மசி. வேட்டியில் கட்டிய ஒரு மூட்டையை மேஜையில் வைத்து, முடிச்சை அவிழ்க்காமலே பேசினார். "இதெல்லாம் எங்க வீட்டம்மாதுமா. போய் ஆறு மாசம் ஆவுது. பீரோல கீதுன்னா பீரோவையே தொறக்க முடியல. யாருக்குனா குடுத்தா, அத்த கட்டிகினு எதுர்ல வந்தாங்கன்னா நம்மளால தாங்க முடியாது. எரிக்கவும் மனசு வரல. நூலாயிடும்னு போட்டுகீறீங்களே, நெஜமாவாமா?"

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. தெரிந்துதான் சொன்னேன், ராஜா. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க. நூலாயிடும்" என்றேன். வாசகம் முடிந்து "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லும்போது என் குரல் எப்படி இறங்குமோ, அப்படியே இறங்கியது. அவர் முடிச்சை அவிழ்த்தார். பதினோரு புடவைகள். மூன்றாவதாக இருந்த மஞ்சள் புடவையை மட்டும் பிரித்து முந்தானையைக் காட்டினார். அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சை இலை பின்னியிருந்தது. "இஸ்திரி போடறேன்னு நான்தான் சுட்டுட்டேன். திட்டுவான்னு பாத்தா, சிரிச்சிகினே அதும் மேல எல பின்னிட்டா." தள்ளுபடிக் கூப்பனை வாங்கக்கூட நிற்காமல் போய்விட்டார். இழை எடுக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்! நானே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இழை உருவி, எப்போதாவது வந்தால் கொடுக்கலாம் என்று ஒரு கவரில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வந்தார். நாலைந்து மாதம் கழித்து, கூட்டமில்லாத ஒரு காலை நேரம். சண்டை போடுகிற முகமில்லை. சைதாப்பேட்டை ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியிலிருந்து ஒரு அம்மா இறங்கினார்களாம். மஞ்சள் புடவை, முந்தானையில் இலை. "தலையே சுத்திடுச்சு. அங்கியே பெஞ்சில குந்திட்டேன்" என்றார். "அந்தம்மாவ இன்னா சொல்றது? அவங்களுக்கு நல்லாதான் இருந்துச்சு. ஆனா நீ சொன்னியேமா." என் பைக்குள் அந்தக் கவர் இருந்தது. எடுத்துக் கொடுத்து, உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எங்கேயோ தவறு நடந்திருக்குங்க, விசாரிக்கிறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மூன்று மாடியும் லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கிப் போனார். அடுத்த வாரமே கெஞ்சிக் கூத்தாடி உள்பாவாடை செக்‌ஷனுக்கு மாறிவிட்டேன். முட்டிவலி என்று உங்களிடம் சொன்னேன். உள்பாவாடை செக்‌ஷனிலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும் என்பது உன் அப்பாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அறிக்கையின் முக்கியமான வரியை ஆசையாகப் படித்துக் காட்டினாய். "எங்களிடம் திரும்பி வரும் ஒவ்வொரு துணியும் புது நூலாகிறது." கடைசிப் பக்கத்தில் பொறுப்பாளர் என்று முதல் தடவையாக உன் பெயர் வரப்போகிறது, அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்றாய். நான் சும்மாதான் கேட்டேன், "எல்லாமேவா?" என்று. நீ மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "கொஞ்சம் ஆகுதும்மா. மீதிய வித்துடறாங்க, கொஞ்சம் எரிக்கவும் போகுது. அந்த வரி எங்க டார்கெட். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் போடறாங்க" என்றாய். மாற்றச் சொல்லலாமே என்றதற்கு, "நான் புது ஆளும்மா. முரண்டு பிடிச்சா வேற யாரையாவது வச்சு எழுதிப்பாங்க, அவ்வளவுதான்" என்றாய். அதற்கப்புறம் நீ இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை. மீன் குழம்பு வைத்த அன்றைக்கு! நீ பேசியது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நான் கொடுத்த குரல்தான்.

இரண்டு நாள் முன்னால் பீரோவைக் குடைந்து அந்தக் கவரை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனேன். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. அவருக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார். முதலில் அடையாளம் தெரியாமல், "எத்தினி காப்பிமா?" என்று கேட்டார். தி. நகர், மூன்றாம் மாடி, பதினோரு புடவை என்றேன். மெஷினை நிறுத்தினார். இத்தனை வருடம் வாசகம் வாசித்தவளுக்கு அந்த நிமிஷம் ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை. நூலாகாது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "அன்னிக்கே சொல்லிருக்கலாமேமா. நல்ல பொடவை, யாராச்சும் கட்டிக்குவாங்கன்னு சொல்லிருந்தா, நாலு நாளு அழுதுட்டு நானே குடுத்திருப்பேன். எங்கனா ஒரு நாள் பாப்போமான்னு தேடிகினுகூட இருந்திருப்பேன். ரயிலாண்ட அந்தம்மாவப் பாத்தப்போ, தோ போறா பாரு நம்ம பொடவைன்னு சந்தோசமா பாத்திருப்பேன். அத்தத்தான் நீ எடுத்துட்ட."

திரும்பி பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு துணியை இன்னொருவர் உடுத்துவதுதான் இருப்பதிலேயே நல்லது என்று நீயே எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். பிரித்து நூலாக்கத் தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். அப்படியே கட்டிக்கொண்டால் ஒன்றும் வேண்டாம் என்பாய். அப்படியென்றால் எங்கள் குடோனில் நடந்ததில் பாதிக்கு மேல் நல்ல காரியம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நடக்காத ஒன்றைப் பலகையில் எழுதி வைத்தோம். பொய்யே தேவைப்படாத இடத்தில் பொய் சொன்னோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் கம்பெனியும் இப்போது அதையேதான் செய்கிறது. விற்கிறோம், துடைக்கக் கொடுக்கிறோம், கொஞ்சம் எரிக்கிறோம், கொஞ்சம் நூலாக்குகிறோம் என்று எழுதினால் எந்தப் புடவைக்காரியும் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒவ்வொன்றும் நூலாகிறது என்று எழுதினால், எங்கேயோ ஒரு ஸ்டேஷன் பெஞ்சில் ஒருத்தர் தலைசுற்றி உட்காருவார். அந்தத் தாளில் உன் பெயர் இருக்கும்.

அந்த மழைச் சாயங்காலத்துக்கு வருகிறேன். கடை வாசல் நம்பர் போர்டு ரிப்பேர், ராஜா. இரண்டு நாளாகவே ரிப்பேர். பழுது பார்க்க வந்தவர், சாமான் வரும்வரை வாசலில் இருட்டாக இருக்க வேண்டாம் என்று நம்பர் தானாக ஏறும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையிலேயே எனக்குத் தெரியும். மேகத்துக்குள் வெயில் இருப்பதில் துளி உண்மையும் இருந்ததால், சொல்லச் சுலபமாக இருந்தது. நீ சரியாகத்தான் பார்த்தாய். உன் கண் சரியாக இருந்தது, நான்தான் அதை மழுப்பி அனுப்பினேன். நீ நோட்டில் எழுதியிருக்க வேண்டியது என் வாக்கியத்தை இல்லை, உன் கேள்வியை. அந்தச் சாயங்காலத்தை உன்னிடமிருந்து பறிப்பது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை உனக்குத் திருப்பிக் கொடுக்காமல் நான் எதையும் எழுதித் தர முடியாது.

உன் வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாததைத் தைரியமாகச் சொல்கிற பழக்கத்தை நான் விட்டாயிற்று. போனால் இந்த வீட்டில் உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. அப்பாவும் சீட்டாட ஆள் கிடைத்தான் என்று உள்ளூரச் சந்தோஷப்படுவார்.

நீ கேட்ட பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். சைதாப்பேட்டையில் கிளம்பும்போது அவரிடம் அந்தக் கவரைக் கொடுத்தேன். அவர் பதினோரு இழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, ஜெராக்ஸ் கண்ணாடி மேல் வரிசையாகப் பரப்பி, மூடியை மெதுவாக இறக்கி, ஒரு காப்பி எடுத்து என்னிடம் நீட்டினார். "உனக்கு ஒண்ணுமா." இழைகளைத் திரும்பக் கவரில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உன் அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஈசிஜி ரிப்போர்ட் என்று பயந்துவிட்டார். அதன் அடியில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "உங்கள் புடவை நன்றாக இருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் உடுத்துவார். கிழிந்திருந்தால் யாரோ கை துடைப்பார்கள். எதற்கும் ஆகாவிட்டால் எரியும். கொடுப்பதற்கு முன் ஒரு இழை எடுத்துக்கொள்ளுங்கள்." நூலாவது எவ்வளவு என்று உனக்குத் தெரியும், அந்த வரியை நீ சேர்த்துக்கொள். இப்படியே போடுவதானால் என் பெயரைப் போடு. மாற்றினால் என் பெயர் வேண்டாம். உன் பெயரை எடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது.

தாளை வெளிச்சத்தில் வைத்துப் பார். பதினோரு கோடும் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. மூன்றாவது கோடு மஞ்சள்.

அம்மா